ஊருணிச் சுவரில் எழுதிய பெயர்கள்

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. வேலையை விட்டு வந்தவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. அதனால் சென்ற மழைக்காலத்தில் சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பரமக்குடியில் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி என்பது படித்தவர்களின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, நோய் வந்த மக்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கண்டுபிடித்ததை எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. "இதெல்லாம் இப்பத்தான் வந்திருக்கு. உங்க காலத்துல எப்படிம்மா பண்ணுனீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

எங்கள் காலத்திலும் ஒரு ஊரில் அப்படித்தான் செய்தோம் என்றேன். அவர்கள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நரம்புச் சிலந்தி ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். அன்று நல்லதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அப்படி முடியவில்லை.

நான் நெசவுக் குடும்பத்துப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரையில் சுகாதாரப் பார்வையாளர் பயிற்சிக்குப் போனேன். கட்டுப் போடவும் பிரசவம் பார்க்கவும் குறிப்பெழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து, ஒரு தகரப் பெட்டியோடு இராமநாதபுரத்துக்கு ரயில் ஏறியபோது நாடு சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நான் நர்ஸ் இல்லை. ஆனால் போன ஊரெல்லாம் 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்றைக்கு நரம்புச் சிலந்தியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. தண்ணீரில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி ஒன்றை நாம் தெரியாமல் குடித்துவிட்டால், அதற்குள் இருக்கும் புழுக்குஞ்சு நம் உடம்பில் தங்கிவிடும். ஒரு வருடம் போல ஒரு தொந்தரவும் இராது. பிறகு காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பை வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போலப் புழுவின் தலை வெளியே வரும். அந்த நேரத்தில் தண்ணீரில் பால் கலந்தது போல ஒன்று பரவும். அத்தனையும் குஞ்சு. காலை வைத்த தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருந்துவிட்டால் அடுத்த வருடம் ஊருக்கே நோய்.

இந்த நோயை ஆராய எங்களுக்குக் கொடுத்த ஊர், ஏர்வாடிச் சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் மண்பாதையில் இருந்தது. பெயரை எழுதப் போவதில்லை. அறுபது வீடுகள் இருக்கும். உப்பளத்துக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடை வைத்திருந்த சில முஸ்லிம் குடும்பங்கள். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். மழைத் தண்ணீர் தேங்கும் ஊருணி ஒன்றே குடிதண்ணீர். நான்கு பக்கமும் கல்படி. எல்லோரும் முழங்கால் அளவு இறங்கி நின்றுதான் குடத்தை அமிழ்த்துவார்கள். கோடை வந்தால் அந்த ஊரில் நேராக நடக்கிறவர்களைவிட நொண்டி நடக்கிறவர்கள் அதிகம்.

எங்கள் டாக்டரின் பெயர் வேதமாணிக்கம். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மற்ற அதிகாரிகள் ஊருக்குள் வந்தால் நாற்காலி கேட்பார்கள். இவர் படியில் உட்காருவார். யாராவது பக்கத்தில் வந்தால் தன் குறிப்பேட்டை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைப்பார், அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். நாமெல்லாம் அப்படிக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நம் கருத்தைச் சொல்லிவிடுவோம். அவர் காத்திருப்பார். சில நேரம் பார்க்கிற எனக்கே சங்கடமாக இருக்கும், அவ்வளவு நேரம் காத்திருப்பார்.

முதல் நாள் தெற்குப் படியில் சாக்கை விரித்து மைக்ராஸ்கோப்பை வைத்தார். ஊருணியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டார். தான் பார்க்கவில்லை. கூடியிருந்தவர்களிடம், "முதல்ல நீங்க பாருங்க. நான் அப்புறம் பாக்குறேன்" என்றார்.

ஆண்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். இருளாயி. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். கணவர் முனியசாமி உப்பளத்தில் வேலை, எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வீடு வருவார். கையில் ஒரு பெண் குழந்தை. நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றி, அந்த வீடுகளில் கிடைக்கும் அரிசியிலும் கஞ்சியிலும் பிழைப்பு நடத்தினாள்.

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "என்னமோ துள்ளுது" என்றாள். பிறகு, "வயித்துக்குள்ள நூலு மாதிரி ஒண்ணு சுருண்டு கெடக்கு. அதுவும் அசையுது."

டாக்டர் அதை அப்படியே எழுதினார்.

"என்னத்த எழுதுறீக?"

"நீங்க சொன்னதை. கீழ உங்க பேரையும் எழுதியிருக்கேன்."

"எம் பேரா? என்னத்துக்கு?"

"பாத்தது நீங்கதானே."

அன்று ஊருணிக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் அவள் அதைச் சொன்னாள். மறுநாள் பார்ப்பதற்குப் பதினைந்து பெண்கள் நின்றார்கள்.

டாக்டருக்கு ஒரு விதி இருந்தது. நாங்கள் எதைக் கண்டாலும் அன்றே ஊரும் அதைக் காண வேண்டும். ஊருணிக்கு எதிரே பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவரில் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார். வாரம் ஒருமுறை நான் அதில் எழுத வேண்டும். எந்த வீட்டில் யாருக்குப் புண், எந்தக் கால், எப்போது உடைந்தது, எத்தனை விரல் நீளம் புழு வெளியே வந்திருக்கிறது. பெயரோடுதான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதுவேன். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை படிக்கவும் வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். "எனக்கு எடது காலு நர்ஸம்மா, சோத்தாங்கால்னு போட்டிருக்கீக" என்று ஒரு கிழவர் ஒரு நாள் சண்டைக்கே வந்தார். பெயர் போட்டதற்கு யாரும் வருத்தப்படவில்லை. அப்போது வருத்தப்படவில்லை என்று சொல்ல வேண்டும்.

புழுவை எடுப்பது என் வேலை. இதை ஒருமுறை கற்றுக்கொண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரில் காலை வைக்கச் செய்து, புழு தளர்ந்து வெளியே வர விட வேண்டும். அந்தத் தண்ணீரை ஊருணிப் பக்கம் ஊற்றக் கூடாது, சுடுமணலில் ஊற்ற வேண்டும். வெளியே வந்த தலையில் நூலைக் கட்டி, ஒரு சின்ன ஈர்க்குச்சியில் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு விரல் அளவு வந்தால் அதிகம். கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் நிறுத்திவிட வேண்டும். குச்சியைக் காலோடு வைத்து ஈரத் துணியால் கட்டிவிட்டு மறுநாள் வர வேண்டும். மூன்று வாரம் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த புழு உள்ளேயே அழுகி, கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அதுவரை அந்தக் காலுக்கு ஓய்வு வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் அந்த ஊர்ப் பெண்கள் எங்களுக்குச் சொன்னவை எந்தப் புத்தகத்திலும் இருந்தவை அல்ல. தெற்குப் படியில் தண்ணீர் எடுக்கும் வீடுகளில்தான் நோய் அதிகம் என்று முதலில் சொன்னது இருளாயி. எந்த வீட்டுக்கு எந்தப் பக்கத்துப் படி என்பது ஊர் வழக்கம். நான்கு வீட்டுக்கு நான்கு பக்கமும் இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். டாக்டர் நான்கு படிகளிலும் குவளையில் தண்ணீர் எடுத்து, எல்லோர் முன்னாலும் பூச்சிகளை எண்ணினார். அவள் சொன்னது சரி. அந்தப் பக்கம் ஆழம் குறைவு, தண்ணீர் வெதுவெதுப்பு, நிற்கிறவர்களும் அதிக நேரம் நிற்கிறார்கள்.

துணி விஷயமும் அப்படித்தான். தண்ணீரை வடிகட்டிக் குடித்தால் போதும் என்பது எங்களுக்குத் தெரியும். எந்தத் துணி என்பது தெரியாது. பழைய புடவையில் பூச்சி தப்பியது. கெட்டித் துணியில் தண்ணீர் இறங்க நேரம் ஆனது, அதனால் பெண்கள் அதை ஒதுக்கினார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். நான் அய்யாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் தறியில் ஆறு விதமான நெருக்கத்தில் ஆறு துண்டுகள் நெய்து, ஓரத்தில் ஒன்று முதல் ஆறு வரை சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு அனுப்பினார். பெண்கள் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துப் போய், ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நான்கு முடிச்சுத் துணி என்று முடிவானது. அந்த அளவை டாக்டர் பக்கத்து மாவட்டத்து ஆட்களுக்கும் எழுதி அனுப்பினார். அவருடைய மேலதிகாரி, அறிக்கை அச்சாகும் முன் எப்படி வெளியே சொல்லலாம் என்று கேட்டுக் கடிதம் போட்டார். "அச்சாகிற வரைக்கும் கொப்புளம் காத்திருக்காது" என்று என்னிடம் சொன்னார் டாக்டர். அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதினார் என்று தெரியாது.

இரண்டாவது கோடையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்து முன்னால் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் எழுந்து, "சுவத்துல பேரு இருக்கிற யாரும் ஊருணியில காலு வைக்கக் கூடாது. மீறுனா ஊரு கேக்கும்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் சொல்லாமலேயே அவர்களாக எடுத்த முடிவு. இதைவிட வேறு என்ன வேண்டும்? டாக்டர் அன்று வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். நான் அய்யாவுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

அந்தக் கூட்டத்தில் தண்ணீர் எடுக்கிற ஒரு பெண்கூட இல்லை. அதை நானும் கவனிக்கவில்லை, டாக்டரும் கவனிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் புதிய பெயர்கள் குறைந்தன. நோய் குறைகிறது என்று நினைத்தேன். அந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதும்போது இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சுவரில் பெயர் வந்தால் தண்ணீர் எடுக்க முடியாது, தண்ணீர் எடுக்க முடியாதவளுக்கு அடுத்தவர் வீட்டு அரிசியும் கஞ்சியும் கிடையாது. ஆகவே மறைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு புதன்கிழமை நான் சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். இருளாயி குடத்தோடு படியேறி வந்தாள். வலது காலை ஊன்றும்போது சற்றே இழுத்தது. வேறு யாராக இருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். ஆனால் அவள் நடையை எனக்குத் தெரியும்.

"என்ன இருளாயி, காலு?" என்று சுவரடியில் நின்றபடியே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கருவ முள்ளு நர்ஸம்மா. நேத்து வெறகுக்குப் போனேன்."

"இங்கன வா. பாக்குறேன்."

"முள்ளுல என்னத்தப் பாக்கப் போறீக?" என்று சிரித்தாள். இடுப்புக் குடத்தைச் சரி செய்வது போலப் புடவையைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள். போய்விட்டாள்.

பெயர் கூடவில்லை என்ற நிம்மதியோடு நான் கோடு போடுவதைத் தொடர்ந்தேன். பின்னால் போய் வீட்டில் தனியாகக் கேட்டிருக்கலாம். ஐம்பது அடி தூரம்தான். போகவில்லை.

அதற்குப் பன்னிரண்டாவது நாள் காலையில் ஆமினா பீவி என்னைத் தேடி வந்தார். இருளாயி தண்ணீர் ஊற்றும் நான்கு வீடுகளில் ஒன்று அவருடையது. கணவர் கொழும்பில். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர், அன்று துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வேகமாக வந்தார்.

"நர்ஸம்மா, இருளாயி மூணு நாளா வரல. இப்பப் போயிப் பாத்துட்டு வாரேன். வாயத் தொறக்க முடியலைங்கிறா. கஞ்சி குடுத்தா இறங்கல. அல்லாஹ்தான் காப்பாத்தணும்."

வாயைத் திறக்க முடியவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. டெட்டனஸ், ரண ஜன்னி. பயிற்சியில் ஒரே ஒரு முறை அது வந்த நோயாளியைக் காட்டியிருந்தார்கள். ஓடினேன்.

குடிசைக்குள் பாயில் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் பானை போல வீங்கி இருந்தது. புண்ணின் மேல் அடுப்புச் சாம்பலை அப்பியிருந்தாள். சாம்பலைத் துடைத்தபோது உள்ளே அறுந்துபோன புழுவின் நுனி தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி, நூல் சுற்றியபடி. நான் எப்படிச் செய்வேனோ அப்படியே, இருட்டு மூலையில் உட்கார்ந்து, இரண்டு விரல் இரண்டு விரலாக அவளே சுற்றியிருக்கிறாள். ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் காலோடு தினமும் முப்பது குடம் தண்ணீர் சுமந்திருக்கிறாள். சுமந்தபோது எங்கேயோ அறுந்துவிட்டது.

தாடை இறுகியிருந்தது. என்னைப் பார்த்ததும் பல்லிடுக்கு வழியாகப் பேசினாள். முதலில் எனக்குப் புரியவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"எழுதிராதீக" என்றாள். "சுவத்துல எழுதிராதீக."

"எழுத மாட்டேன்" என்றேன். "சத்தியமா எழுத மாட்டேன்."

ஆமினா பீவி தன் வீட்டு மாட்டுவண்டியைக் கட்டச் சொன்னார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு அவளைக் கிடத்தினோம். குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இராமநாதபுரம் போகும் வழியெல்லாம் மண்பாதை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. வெளிச்சம் பட்டாலும் வளைந்தது. நான் என் முந்தானையை அவள் முகத்துக்கு மேலே கூடாரம் போலப் பிடித்துக்கொண்டே போனேன். வண்டிக்காரரிடம், "மெதுவா" என்றேன். மெதுவாகப் போனால் நேரம் ஆகிறது என்று, "வேகமா" என்றேன். பிறகு மறுபடியும் "மெதுவா" என்றேன். அவர் நான் சொன்னபடியெல்லாம் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். இருட்டறையில் வைத்து ஊசி போட்டார்கள். டாக்டர் வேதமாணிக்கம் செய்தி கேட்டு வந்து, அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் உள்ளே போய் நின்றார். முனியசாமி உப்பளத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது, பேச்சு இல்லை. மறுநாள் நடுப்பகலில் இறந்துபோனாள்.

அந்த வாரம் புதன்கிழமை நான் சுவருக்குப் போகவில்லை. டாக்டர் போனார். சுவரை அழிப்பார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. தண்ணீர் எடுக்கிற பெண்கள் எல்லோரையும் வரச் சொல்லி அனுப்பினார். ஆண்களைக் கூப்பிடவில்லை. மணலில் உட்கார்ந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்ததால் பின்னால் உட்கார்ந்தேன்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். "எல்லாத்தையும் திறந்து வைக்கணும்னு மட்டும் நினைச்சேன். யாரை அது என்ன பண்ணும்னு உங்ககிட்ட கேக்கல. இப்பக் கேக்குறேன். இந்தச் சுவரை என்ன செய்யலாம்?"

கடற்காற்றில் மணல் எழுந்து கண்ணில் விழுந்தது. அவர் காத்திருந்தார்.

ஆமினா பீவிதான் முதலில் பேசினார். "பேரு வேணாம் டாக்டர். எத்தனை பேருன்னு மட்டும் போடுங்க. யாருன்னு நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அப்ப அவுகளுக்குத் தண்ணி?" என்றாள் உப்பளத்துக்காரர் ஒருவரின் மனைவி. "காலு வைக்கக் கூடாதுங்கிறீக. சரி. யாரு கொண்டாந்து ஊத்துவா?"

அதைப் பற்றித்தான் அன்று பேசினார்கள். வீட்டுக்கு ஒரு குடம் முறை வைத்து ஊற்றுவது, சுமக்கிறவளின் கூலி அரிசி அவள் கால் புண் ஆறும் வரை நிற்காமல் கொடுப்பது, புண் பார்க்க நான் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே போவது. இவற்றை அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேசி முடிந்த பிறகு அங்கேயே இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் இன்னும் மூன்று பேர். எல்லோருடைய காலிலும் பழைய கொப்புளம். எல்லோரும் மறைத்து வைத்திருந்தார்கள்.

அந்த முறையைத்தான் பின்னால் மற்ற ஊர்களிலும் கடைப்பிடித்தோம். படியில் இறங்காமல் நீர் எடுக்கக் ஊருணிக் கரையோரம், மழைத் தண்ணீரே கசிந்து ஊறும்படி, கைப்பிடிச் சுவரும் உருளையும் வைத்த கிணறுகள் வந்தன. நான்காவது கோடையில் அந்த ஊரில் ஒரு கால்கூட நொண்டவில்லை. டாக்டரின் அறிக்கை அச்சாகவில்லை. எங்கள் முறையால் ஒரு உயிர் போனது என்ற பகுதியை எடுத்துவிடச் சொல்லி மேலிடம் திருப்பி அனுப்பியது. அவர் எடுக்க மறுத்தார். வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்த்தது இரண்டே முறை.

அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். யார் எதைக் கண்டு சொன்னார்களோ அவர்கள் பெயரை அந்தந்த இடத்தில் போட்டிருந்தார் டாக்டர். இருளாயியின் பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. முனியசாமியிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். முனியசாமி வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். படித்தவர்கள் படிக்கிற அறிக்கை இது, இதில் உங்கள் மனைவியின் பெயர் இருக்கிறது, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன், இருக்கலாமா என்று கேட்டார்.

முனியசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பேரு போட்டுருவீகன்னு பயந்துதானேய்யா செத்தா" என்றார். "எடுத்துருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் தலையசைத்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முனியசாமிக்குத் தெரியாமல் எதையும் செய்யக் கூடாது என்று, பெயரை அடிப்பதற்கு முன் அந்த வரியைப் படித்துக் காட்டினார். தெற்குப் படியைப் பற்றிய வரியைப் படித்து, அடித்தார். துணியைப் பற்றியதைப் படித்து, அடித்தார். முனியசாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு வரி. டாக்டர் படித்தார்: "உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே இருக்கும்வரை கொப்புளம் உடைவதில்லை. ஊருக்கு வந்து நல்ல தண்ணீரில் கால் வைத்த பிறகே உடைகிறது. தன் கணவரின் காலை இரண்டு வருடம் பார்த்து வந்ததில் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்."

முனியசாமி திரும்பினார்.

"எங் காலையா?"

"ஆமா" என்றார் டாக்டர்.

"எங்கிட்ட ஒரு நாளும் இதச் சொன்னதில்லையே."

டாக்டர் பேனாவைத் தாளில் வைக்காமல் கையில் பிடித்திருந்தார்.

"இன்னொருக்கப் படிங்கய்யா."

டாக்டர் இன்னொரு முறை படித்தார். முன்னைவிட மெதுவாகப் படித்தார். முனியசாமி தன் காலை, புண் ஆறிய அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றார். "அதையும் அடிச்சிருங்க."

டாக்டர் அடித்தார். மீதி மூன்று நான்கு இடங்களையும் படித்து அடித்துவிட்டு எழுந்தோம்.

முனியசாமியின் சொல்லை நானும் மீறவில்லை. இருளாயி என்பது இதை எழுதுவதற்காக நான் வைத்த பெயர். அவளுக்கு வேறு பெயர்.